ரெவ்ஸ்பெக்கின் ஊசிகள்: பூஜ்யத்தை அளக்கப் போன நுண்ணுயிரியலாளர்

கேள்வி இதுதான்: டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்து நீல்ஸ் பீட்டர் ரெவ்ஸ்பெக் ஒரு நுண்ணுயிரியலாளர். ஆனால் அவர் பெயர் வரும் இடமெல்லாம் உணரிகளாகவே (சென்சார்கள்) இருக்கின்றன. நுண்ணுயிர்களைப் படிக்க வந்தவர் ஏன் கருவி செய்பவரானார்? அவர் செய்ததை அறிவியல் என்பதா, கைவேலை என்பதா?

என் பதில்: அவர் துறையில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. நாற்பது ஆண்டுகளாக அவர் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "இந்த இடத்தில், இந்த நுண்ணுயிருக்குப் பக்கத்தில், ஆக்சிஜன் எவ்வளவு?" பதில் சொல்ல ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ஊசி, அதாவது ஊசி வடிவ உணரி, தேவைப்பட்டது. ஏன் என்று புரிய, முதலில் அளவைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு சாதாரண பாக்டீரியாவின் நீளம் 1 மைக்ரோமீட்டர் அளவு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1970களில் கடலடி வண்டலை ஆராய்ந்தவர்கள் குழாயில் வண்டலை எடுத்து, சென்டிமீட்டர் கணக்கில் வில்லைகளாக அறுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் நீரைப் பிழிந்து சோதித்தார்கள். பல வேதிப்பொருள்களுக்கு அது போதும். ஆக்சிஜனுக்குப் போதாது. கரையோரக் கடலின் வண்டலில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. காற்று வேண்டும் உயிர்களும் காற்று ஆகாத உயிர்களும் எங்கே பிரிகின்றன என்பது முதல் வில்லைக்குள்ளேயே முடிந்துபோகும் கதை. அறுத்துப் பிழிந்தால் கிடைப்பது ஒரு சராசரி; அந்த வண்டலில் எந்த உயிரும் அந்தச் சராசரியில் வாழவில்லை.

ஆக்சிஜன் ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்கிறது? வண்டலுக்குள் நீரோட்டம் இல்லை. மூலக்கூறுகள் விரவல் வழியாக, தட்டுத்தடுமாறித்தான் உள்ளே போக வேண்டும். விரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. நீரில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு 10 மைக்ரோமீட்டர் நகர விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். 1 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4 நிமிடம். 1 சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம். 1 மீட்டருக்கு 8 ஆண்டுகள். ஆக, பாக்டீரியாவின் பக்கத்து வீட்டில் எல்லாம் நொடியில் நடக்கிறது. ஒரு சாண் தள்ளிப் போனால் எதுவும் வந்து சேர்வதில்லை. வழியிலேயே உண்ணும் வாய்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது ஆக்சிஜன் ஆழம் போக வழியே இல்லை. அளக்கும் கருவியும் இந்த அளவுக்கு ஏற்றதாக, அதாவது சில மைக்ரோமீட்டர் நுனியும் ஒரு விநாடிக்குள் பதிலும் உள்ளதாக இருந்தாக வேண்டும்.

ஆக்சிஜனை மின்முனையால் அளப்பது அவர் கண்டுபிடிப்பு அல்ல. லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் 1950களின் நடுவில் சவ்வு போர்த்திய மின்முனையை இரத்த ஆக்சிஜனை அளப்பதற்காக உருவாக்கிவிட்டார். சவ்வைத் தாண்டி உள்ளே வரும் ஆக்சிஜன் எதிர்மின்முனையில் ஒடுக்கமடைகிறது (எலக்ட்ரான்களைப் பெறுகிறது), அதனால் ஓடும் மின்னோட்டம் ஆக்சிஜன் செறிவுக்கு விகிதமாக இருக்கிறது, அவ்வளவுதான் கோட்பாடு. திசுக்களை ஆராய்ந்த உடலியலாளர்கள் நுனி சிறுத்த மின்முனைகளையும் செய்திருந்தார்கள். சிக்கல் வேறு. இந்த மின்முனை ஆக்சிஜனைத் தின்றுதான் அளக்கிறது. பெரிய மின்முனையாக இருந்தால் தன்னைச் சுற்றியுள்ள நீரைத் தானே வெறுமையாக்கி, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆய்வுக்கூடத்துக் குடுவையில் நீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் சமாளிக்கலாம். வண்டலை எப்படிக் கலக்குவது? கலக்கினால் அளக்க வந்த அடுக்கே போய்விடும்.

நுனியைச் சிறிதாக்கினால் தின்னும் அளவு குறையும். எதிர்மின்முனையைக் கண்ணாடிக்குள் சற்று உள்வாங்கி வைத்து, முன்னால் சிலிக்கோன் சவ்வு இட்டால் இன்னும் குறையும். இப்படிச் செய்த ஊசிகளில் ஓடும் மின்னோட்டம் சில நூறு பைகோ ஆம்பியருக்குள் அடங்கிவிடுகிறது. நீர் அசைந்தாலும் நின்றாலும் காட்டும் மதிப்பு ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு மேல் மாறுவதில்லை. இதைச் செய்ய பிளாட்டினக் கம்பியை மின்வேதி முறையில் அரித்துக் கூராக்கி, கண்ணாடியில் உருக்கிப் பதித்து, நுனியில் தங்கம் பூசி, எல்லாவற்றையும் நுண்ணோக்கியின் கீழே பொருத்த வேண்டும். தயாரிக்க ஒரு நாள். வண்டலில் கிடக்கும் சிப்பித் துண்டில் மோதி உடைய ஒரு கணம். இந்த ஊசிகளோடு வேலை செய்த எவரையும் கேட்டுப் பாருங்கள், முதலில் உடைந்தவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ரெவ்ஸ்பெக்கும் அவருடைய ஆர்ஹூஸ் சகா போ பார்க்கர் யோர்கன்சனும் இந்த ஊசிகளை முதலில் கொண்டுபோன இடங்களில் ஒன்று சினாய் கரையோரத்தில் உள்ள சோலார் ஏரி. அதன் அடியில் ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாக்கள் கம்பளம் போல் அடர்ந்த அடுக்காக வளர்கின்றன. இஸ்ரேலிய நுண்ணுயிரியலாளர் யெஹுதா கோஹனுடன் சேர்ந்து 1979இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை அந்த அடுக்கின் ஒரு நாளை வரைந்து காட்டியது. பகலில் மேல் மில்லிமீட்டரில் ஆக்சிஜன் காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் இருப்பதைப் போலப் பல மடங்கு ஏறுகிறது. இரவில் அது அடியோடு மறைந்து, கீழிருந்து சல்ஃபைடு மேற்பரப்பு வரை எழும்பி வருகிறது. அங்கே வாழும் உயிர் ஒவ்வொரு நாளும் இரண்டு வெவ்வேறு வேதி உலகங்களைக் கடந்தாக வேண்டும். 1980இல் கடல் வண்டல்களின் ஆக்சிஜன் பரம்பலைப் பற்றிய கட்டுரைகள் வந்தன. கடலடி வண்டல் "காற்றுள்ளது", "காற்றற்றது" என்று சென்டிமீட்டர்களில் பேசியவர்கள் அதற்குப் பிறகு மைக்ரோமீட்டர்களில் பேச வேண்டியதாயிற்று.

அவருடைய வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்து வந்தது. ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு உருவாகிறது என்று எப்படி அறிவது? ஒளிச்சேர்க்கையை அளக்க அப்போது கதிரியக்கக் கார்பனைக் கொடுத்து, எவ்வளவு உள்வாங்கப்பட்டது என்று பார்ப்பார்கள். அந்த முறையால் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் அடுக்குகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. ரெவ்ஸ்பெக்கும் யோர்கன்சனும் 1980களின் தொடக்கத்தில் செய்தது இது. ஊசியை ஓர் ஆழத்தில் நிறுத்துங்கள். வெளிச்சம் சீராக விழட்டும். ஆக்சிஜன் மாறாமல் நிற்கும். அதாவது அந்தப் புள்ளியில் உருவாவதும், சுவாசத்தாலும் விரவலாலும் வெளியேறுவதும் சமம். இப்போது சட்டென்று விளக்கை மறையுங்கள். உருவாவது அந்தக் கணமே நின்றுவிடும். சுவாசமும் விரவலும் முதல் ஒன்றிரண்டு விநாடிகளுக்கு முன்போலவே தொடரும். ஆகவே அந்த விநாடிகளில் ஆக்சிஜன் எவ்வளவு வேகமாக விழுகிறதோ, அதுவே இருட்டுக்கு முன் அங்கே நடந்த ஒளிச்சேர்க்கையின் வேகம்.

கதிரியக்கம் வேண்டாம், மாதிரியை அழிக்க வேண்டாம். ஒரு விளக்கும் அதை மறைக்க ஓர் அட்டையும் போதும். ஊசி மட்டும் ஒரு விநாடிக்குள் பதில் சொல்வதாக இருக்க வேண்டும். அதை நூறு மைக்ரோமீட்டர் கீழே இறக்கி மறுபடியும் செய்தால் அடுத்த அடுக்கின் கணக்கு. "கருவியா, அறிவியலா" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஊசியின் வேகம் இல்லாமல் இந்த யோசனைக்குப் பயன் இல்லை. யோசனை இல்லாமல் அந்த வேகத்துக்கும் பயன் இல்லை.

1985இல் அவர்கள் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். வண்டலின் மேலே நீர் ஓடிக்கொண்டிருந்தாலும், மேற்பரப்பை ஒட்டி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஒரு நீர்ப்படலம் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டலுக்குள் போகும் ஆக்சிஜன் எல்லாம் இதை விரவலால்தான் கடக்க வேண்டும். ஊசியை மேலிருந்து இறக்கும்போது வண்டலைத் தொடும் முன்பே ஆக்சிஜன் குறையத் தொடங்குவது தெரியும். வண்டலை எடுத்துவந்து கலக்கும் வேகத்தை மாற்றி வைத்து அளந்த சோதனைகளில் ஏன் வெவ்வேறு விடை வந்தது என்பதற்கு இதில் விளக்கம் இருந்தது.

இனி கருவிக்குள்ளேயே போவோம். ஊசிக்குள் உப்புக் கரைசல் இருக்கிறது. அதிலும் கரைந்த ஆக்சிஜன் இருக்கிறது. வெளியே ஆக்சிஜன் சுத்தமாக இல்லாவிட்டாலும், பின்பக்கத்திலிருந்து அது மெல்ல நுனிக்கு வந்து ஒரு மின்னோட்டத்தைக் காட்டும். பூஜ்யம் பூஜ்யமாக இருக்காது, நிலையாகவும் நிற்காது. 1989இல் ரெவ்ஸ்பெக் இதற்கு வைத்த தீர்வு, அளக்கும் மின்முனைக்குப் பின்னால் இரண்டாவதாக ஓர் எதிர்மின்முனை. அதன் வேலை அளப்பது அல்ல. பின்னாலிருந்து வரும் ஆக்சிஜனை வழிமறித்துத் தின்பது மட்டும். காவல் மின்முனை என்று சொல்லலாம். இன்று உலகெங்கும் பயன்படும் ஆக்சிஜன் நுண்ணுணரிகளின் அடிப்படை வடிவம் இதுதான். இந்தக் காவல் மின்முனையை நினைவில் வையுங்கள். இருபது ஆண்டு கழித்து இதே யோசனை இடம் மாறி வருகிறது.

ஆக்சிஜன் தீர்ந்த பிறகு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சுவாசிக்கின்றன. அதில் ஒரு படி நைட்ரஸ் ஆக்சைடு, கடைசிப் படி நைட்ரஜன் வாயு. 1988இல் ஆக்சிஜனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் சேர்த்து அளக்கும் ஊசி வந்தது. நைட்ரஸ் ஆக்சைடு ஊசிக்கு ஆக்சிஜன் தொல்லை. அதுவும் மின்முனையில் ஒடுக்கமடைந்து கணக்கைக் குழப்பும். பின்னர் 2001இல் வெளியான வடிவத்தில், நுனியின் முன்னால் காரத்தன்மையுள்ள அஸ்கார்பேட் கரைசலை ஒரு சிற்றறையில் அடைத்தார்கள். ஆக்சிஜன் அங்கேயே அழிந்துவிடும், நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் கடந்து போகும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இந்தப் பசுங்குடில் வாயு எப்போது, எவ்வளவு கிளம்புகிறது என்று தொடர்ந்து கண்காணிக்க இந்த வகை உணரிகள் இன்று பயன்படுகின்றன.

நைட்ரேட்டின் கதை இன்னும் சுவையானது. அயனியைத் தேர்ந்தெடுக்கும் மின்முனைகள் இருந்தன. ஆனால் கடல் நீரின் குளோரைடு அவற்றை ஏமாற்றிவிடும். ரெவ்ஸ்பெக் குழு 1990களின் நடுவில் கண்ட வழி, ஊசியின் நுனிக்குள் உயிருள்ள பாக்டீரியாக்களையே குடிவைப்பது. நைட்ரேட்டை நைட்ரஸ் ஆக்சைடு வரை மாற்றி, அதற்கு மேல் மாற்றும் நொதி இல்லாத பாக்டீரியாவாகப் பார்த்து எடுத்தார்கள். வெளியிலிருந்து நைட்ரேட் சவ்வு வழியே வருகிறது. பாக்டீரியா அதை நைட்ரஸ் ஆக்சைடாக்குகிறது. பின்னால் காத்திருக்கும் மின்முனை அதை அளக்கிறது. வழியில் வரும் ஆக்சிஜனை முன்வரிசை பாக்டீரியாக்களே தின்றுவிடுகின்றன. அவற்றுக்கு வேண்டிய உணவு பின்பக்கச் சேமிப்பிலிருந்து வருகிறது. ஒரு வேதியியலாளருக்கு இந்த வழி தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். எந்த பாக்டீரியாவுக்கு எந்த நொதி இல்லை என்று தெரிந்த ஒருவர், அந்தக் குறையையே கருவியின் உறுப்பாக்கினார். மீத்தேனுக்கும் 1997இல் இதே பாணியில், மீத்தேன் உண்ணும் பாக்டீரியாக்களை வைத்து ஓர் ஊசி வந்தது.

ஊசிகள் எங்கெல்லாம் போயின என்று பட்டியல் போட்டால் முடியாது. மண்கட்டியின் நடுவில் ஆக்சிஜனற்ற மையம் இருப்பது 1985இல் நேரடியாக அளக்கப்பட்டது. ஈரமான ஆனால் காற்றோட்டமுள்ள நிலத்திலும் நைட்ரஜன் இழப்பு ஏன் நடக்கிறது என்பதை அது விளக்கியது. கரையானின் குடலுக்குள், நெல் வேரைச் சுற்றிய சேற்றுக்குள், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுநோய் உள்ளவர்களின் நுரையீரல் சளிக்குள் என்று ஆக்சிஜன் நுண்மின்முனைகள் போகாத இடம் குறைவு. ரோனி க்ளூட் தலைமையிலான குழு மரியானா அகழியின் சேலஞ்சர் டீப்பில், ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில், தானியங்கிக் கருவியில் ஊசிகளைப் பொருத்தி இறக்கி வண்டலை அளந்து 2013இல் வெளியிட்டது. 1990களின் இறுதியில் ஆர்ஹூஸில் யூனிசென்ஸ் நிறுவனம் தொடங்கியபின், கண்ணாடியை உருக்கத் தெரியாதவர்களும் ஊசியை விலைக்கு வாங்க முடிந்தது. நல்லதுதான். ஆனால் ஊசிக்குள் என்ன நடக்கிறது என்று யோசிக்காமல் திரையில் வரும் எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளும் ஒரு தலைமுறையும் அதனோடு வந்தது என்று எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு.

இனி முக்கியமான இடம். பெருங்கடல்களில் சில பகுதிகளில், நடு ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த நீர் அடுக்குகள் பரந்து கிடக்கின்றன. பெரு, சிலி கரைக்கு அப்பால் ஒன்று, அரபிக்கடலில் ஒன்று. கடல் இழக்கும் நைட்ரஜனில் கணிசமான பங்கு இங்கே வாயுவாகப் போகிறது. அங்கே ஆக்சிஜன் கொஞ்சம் இருக்கிறதா, துளியும் இல்லையா? பழைய அளவீடுகள் பல 1, 2 மைக்ரோமோலார் (கரைந்த பொருளின் செறிவைச் சொல்லும் அலகு) என்று காட்டின. ஆனால் அந்த மதிப்புகளை நம்ப முடியவில்லை. நீரைப் பிடிக்கும் கலமும், குப்பியை மூடும் ரப்பர் அடைப்பானும் கூடத் தம்முள் இருக்கும் ஆக்சிஜனை நீரில் விடும். உணரியை நேரே கடலில் இறக்கினாலோ, அதன் பூஜ்யம் வெப்பநிலையாலும் அழுத்தத்தாலும் நகர்ந்திருக்கும். கப்பல் தளத்தில் சரிபார்த்த பூஜ்யம் 300 மீட்டர் ஆழத்தில் பூஜ்யமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காற்றோடு சமநிலையில் உள்ள கடல்நீரில் 230 மைக்ரோமோலார் அளவுக்கு ஆக்சிஜன் உண்டு. அதில் இருபதாயிரத்தில் ஒரு பங்கை அளக்க வேண்டுமானால், பூஜ்யத்தின் சிறு நகர்வே விடையை விழுங்கிவிடும்.

2009இல் ரெவ்ஸ்பெக்கும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஸ்டாக்ஸ் உணரி இதற்குப் பதில். பழைய காவல் மின்முனையை இம்முறை முன்னால் வைத்தார்கள். இரண்டு சவ்வுகளுக்கு நடுவே, அளக்கும் மின்முனைக்கு எதிரே. அதற்கு மின்னழுத்தம் கொடுத்தால் வரும் ஆக்சிஜன் முழுவதையும் அது தின்றுவிடும். உள்ளே இருக்கும் மின்முனைக்கு எதுவும் எட்டாது. அப்போது காட்டும் மின்னோட்டம்தான் அந்த ஆழத்தில், அந்த வெப்பநிலையில், அந்த அழுத்தத்தில் உணரியின் உண்மையான பூஜ்யம். மின்னழுத்தத்தை நிறுத்தினால் ஆக்சிஜன் உள்ளே வரும். இப்படி மாறிமாறிச் செய்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், நகரும் பூஜ்யத்தைப் பற்றிய கவலையே இல்லை. 1 முதல் 10 நானோமோலார் வரை இறங்கி அளக்க முடிந்தது; நானோமோலார் என்பது மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அதைக் கொண்டு போய்ப் பார்த்தபோது, தென்கிழக்குப் பசிபிக்கின் அந்த அடுக்குகளின் மையத்தில் பெரும்பாலும் ஆக்சிஜன் தட்டுப்படவே இல்லை. மைக்ரோமோலார்கள் எல்லாம் அளவீட்டின் நிழல்கள். அதோடு முடியவில்லை. ஸ்டோல்பர், ரெவ்ஸ்பெக், கேன்ஃபீல்டு மூவரும் 2010இல் ஈ. கோலை பாக்டீரியா 3 நானோமோலார் அல்லது அதற்கும் குறைந்த ஆக்சிஜனில் காற்றுச் சுவாசத்தில் வளர்வதைக் காட்டினார்கள். பாடப்புத்தகங்கள் "காற்றற்றது" என்று கோடு கிழித்த இடத்துக்கு வெகு கீழேயும் காற்றுச் சுவாசம் நடக்கிறது! மறுபுறம், வட சிலிக்கு அப்பால் எடுத்த நீரில் 200 நானோமோலார் அளவு ஆக்சிஜனே நைட்ரேட் சுவாசத்தின் வழியான நைட்ரஜன் உற்பத்தியைப் பாதியாகக் குறைத்தது என்று 2014இல் வெளியான ஆய்வு சொன்னது. அனமாக்ஸ் என்ற இன்னொரு வழியைப் பாதியாக்க 900 நானோமோலார் அளவு தேவைப்பட்டது.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்பதற்கு வங்காள விரிகுடா நல்ல எடுத்துக்காட்டு. அரபிக்கடலைப் போலவே அங்கேயும் ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு உண்டு, ஆனால் நைட்ரஜன் இழப்பு பெரிதாக நடப்பதில்லை. 2017இல் வெளியான ஆய்வு அந்த நீரில் 10 முதல் 200 நானோமோலார் வரை ஆக்சிஜன் எஞ்சியிருப்பதை இந்த உணரிகளால் கண்டது. நைட்ரஜன் வாயுவை வெளியிடக்கூடிய நுண்ணுயிர்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் எஞ்சிய ஆக்சிஜனைக் கொண்டு வேறு பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிவிடுவதால், அவற்றுக்கு வேண்டிய நைட்ரைட் மிஞ்சுவதில்லை. அந்தச் சொற்ப ஆக்சிஜனும் போனால் விரிகுடாவும் அரபிக்கடல் போல் நைட்ரஜனை இழக்கத் தொடங்கலாம். பழைய உணரிகளின் கண்ணுக்கு இரண்டு கடல்களும் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

ஊசிகளுக்கு எல்லைகளும் உண்டு. ஒரு குத்தலில் ஒரு கோடுதான் கிடைக்கும். ஒரு விரல் தள்ளி ஒரு புழுவின் வளை இருந்தால் அங்கே கதையே வேறு. ஒளியால் ஆக்சிஜனைக் காட்டும் உணரிகள் 1995 முதல் இந்தத் துறைக்கு வந்துவிட்டன. அவை ஆக்சிஜனைத் தின்பதில்லை, ஒரு பரப்பு முழுவதையும் படமாகவே எடுக்கும் வடிவங்களும் உண்டு. ரெவ்ஸ்பெக் வகை ஊசிகள்தான் எல்லாவற்றுக்கும் முடிவு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அவர் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஆர்ஹூஸில் லார்ஸ் பீட்டர் நீல்சன் குழு வண்டலில் ஆக்சிஜன், சல்ஃபைடு, அமிலகாரநிலை மூன்றையும் நுண்ணுணரிகளால் அளந்தபோது, ஆக்சிஜன் அடுக்கும் சல்ஃபைடு அடுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிரிந்திருந்தும் ஒன்றோடொன்று வினைபுரிவது போல் நடந்துகொண்டன. விரவலால் அது முடியாது. மேற்பரப்பை ஒட்டி காரத்தன்மை ஒரு முகடாக எழுந்தது. மின்னோட்டம் ஓடினால்தான் கணக்கு சரியாகும் என்று 2010இல் எழுதினார்கள். 2012இல் அந்த மின்கம்பிகள் சென்டிமீட்டர் நீளத்துக்கு எலக்ட்ரான்களைக் கடத்தும் இழை பாக்டீரியாக்கள் என்று தெரிந்தது. கம்பி பாக்டீரியாக்கள் முதலில் மாட்டியது நுண்ணோக்கியில் அல்ல, ஊசி வரைந்த கோடுகளில்.

ரெவ்ஸ்பெக்கின் வேலையில் எதை முதலில் படிக்க வேண்டும் என்று கேட்டால், 1980ஆம் ஆண்டுக் கட்டுரைகளைவிட 2009ஆம் ஆண்டுக் கட்டுரையைத்தான் கையில் கொடுப்பேன். ஆக்சிஜன் ஊசியை வண்டலில் குத்துவதை அவர் செய்யாவிட்டால் சில ஆண்டுகளில் வேறு யாராவது செய்திருப்பார்கள். உடலியலாளர்களிடம் ஊசி ஏற்கெனவே இருந்தது. பூஜ்யத்தைச் சந்தேகிக்க, ஒரு கையில் மின்முனையின் குணமும் மறு கையில் பாக்டீரியாவின் பசியும் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது.